அண்ணனின் காதுப் பஞ்சு

போன மாதம் என் மகள் என்னுடைய பழைய பழுப்பு நிறக் கைப்பையைக் கேட்டாள். கல்யாணத்துக்கு முன்பு, மலேசியாவின் மூவாரில் இருந்தபோது வாங்கியது. இருபது வருடம் அலமாரியின் அடித்தட்டில் கிடந்து தோல் உரிந்துபோன பை இப்போது மறுபடியும் ஃபேஷனாம். எடுத்துக்கொள் என்றேன். அவள் பையைக் கவிழ்த்து உதறியபோது உள் ஜிப்பிலிருந்து ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பா விழுந்தது. உள்ளே ஆரஞ்சு நிறத்தில் இரண்டு பஞ்சு, சுண்டுவிரல் நுனியளவு. இயந்திரச் சத்தத்துக்குக் காதில் செருகிக்கொள்ளத் தொழிற்சாலைகளில் கொடுப்பார்களே, அது. "யாரோடதும்மா இது? நீங்களும் போடுவீங்களா?" என்று முகம் மலரக் கேட்டாள். அவளுக்குச் சத்தம் ஆகாது. தன்னைப் போல இன்னொருவர் இந்தக் குடும்பத்தில் இருக்கிறாரோ என்ற ஆசை அந்த முகத்தில் தெரிந்தது. "யாரோடதோ, தெரியல" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். அது என் அண்ணனுடையது. அவர் காதிலிருந்து அதை எடுத்தவள் நான்தான்.

அண்ணன் என்னைவிட நான்கு வயது மூத்தவர். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் வீட்டில் அம்மா, அண்ணன், நான் என்று மூன்றே பேர். தாமான் என்கிற குடியிருப்பில் வரிசை வீடு. பக்கத்து வீட்டில் ஆணி அடித்தால் எங்கள் வீட்டுச் சாமி படம் ஆடும். அப்படிப்பட்ட வீட்டில் அப்படிப்பட்ட காதோடு ஒருவர் பிறந்து தொலைத்தார். குழல்விளக்கின் ரீங்காரம் எங்களுக்குக் கேட்டதே இல்லை, அவருக்குக் கேட்கும். மூன்றாவது வீட்டில் பிலாச்சான், அந்த இறால் விழுது, வறுத்தால் இவருக்குத் தலைவலி. புதுச் சட்டை வாங்கினால் கழுத்துப்பட்டியில் தைத்திருக்கும் துணிச்சீட்டை பிளேடால் அறுத்துவிட்டுத்தான் போடுவார். அம்மா அடுப்பில் சட்டியை வைக்கும் ஓசையைக் கேட்டே, "அம்மா யார்கூடயோ சண்டை போட்டுட்டு வந்திருக்காங்க" என்று என் காதோடு சொல்வார். ஒருநாளும் தவறியதில்லை. கோயிலில் கிடா வெட்டுவதைத் தெரியாத்தனமாகப் பார்த்துவிட்டு மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்தார். அப்போது அவருக்கு இருபது வயது. மீசை வைத்த ஆள் ஆட்டுக்காக அழுததைச் சொந்தக்காரர்கள் வீடு வீடாகச் சொல்லிச் சிரித்தார்கள். தொட்டாச்சிணுங்கி என்பதுதான் உறவில் அவருக்குப் பெயர். அம்மா அந்தப் பெயரைச் சொல்லமாட்டாள். "எனக்குன்னு வந்து வாச்சிருக்கு பாரு" என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

இத்தனைக்கும் எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது அந்தத் தொட்டாச்சிணுங்கி உடம்புதான். மூவாரில் மரச்சாமான் தொழிற்சாலைகளுக்குக் குறைவில்லை. அதில் ஒன்றில் மேசைப் பலகைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் பகுதியில் அண்ணன் வேலை செய்தார். இயந்திரம் தேய்த்து முடித்த பலகையைக் கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் ஒருமுறை தடவுவார். சொரசொரப்பு மிச்சமிருக்கும் இடத்தில் விரல் நிற்கும். பென்சிலால் அங்கே வட்டம் போடுவார். மற்றவர்கள் தடவினால் வழுவழுவென்றுதான் இருக்கும். ஆனால் வார்னிஷ் அடித்த பிறகு பார்த்தால் இவர் வட்டம் போட்ட இடம்தான் பல்லை இளிக்கும். சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, சரக்கு எடுக்க வருகிறவர்களிடம் இவர் கையைப் பிடித்துக் காட்டி, இந்த விரலுக்குக் கண் இருக்கிறது என்று மலாயில் பெருமை பேசுவாராம். தொழிற்சாலையில் அந்தத் தோலுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். வீட்டில் நாங்கள் அதே தோலுக்கு எலுமிச்சம்பழம் சுற்றிப்போட்டோம்.

ஆரஞ்சுப் பஞ்சும் அந்தத் தொழிற்சாலை கொடுத்ததுதான். அறுவை இயந்திரத்தின் இரைச்சலுக்காக எல்லோருக்கும் கொடுத்தார்கள். பலர் தூக்கி எறிந்துவிட்டு இரைச்சலோடு பழகிக்கொண்டார்கள். அண்ணனுக்கு அது வரமாகக் கிடைத்தது. முதல் நாள் அதைக் காதில் வைத்துக்கொண்டே மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்து, கூடத்து நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் நெற்றியில் சுருக்கம் இல்லாமல் நான் பார்த்தது அன்றுதான். "பாப்பா, உலகம் கொஞ்சம் தள்ளி நிக்குது" என்றார். இன்றுவரை என்னை அவர் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். அம்மா பார்த்துவிட்டாள். பார்த்ததும் பொங்கிவிட்டாள். "பொணத்துக்குத்தான் காதுலயும் மூக்குலயும் பஞ்சு வைப்பாங்க. உசுரோட இருக்கிறவன் வீட்டுக்குள்ள இப்படி உக்காரலாமா? வெளங்குமா இந்த வீடு?" என்றாள். பஞ்சு என்றால் அம்மாவுக்கு அப்பா படுத்திருந்த கோலம்தான் ஞாபகத்துக்கு வரும். அதை இப்போது என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. அன்றிலிருந்து அண்ணன் வீட்டில் பஞ்சைக் குளியலறையில் மட்டும் வைத்துக்கொள்வார். குழாயைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருப்பார். தண்ணீர் வீணாகிறது என்று அம்மா கதவைத் தட்டுவாள்.

எனக்கு இருபத்து நான்கு வயதாகியும் வரன் அமையவில்லை. அம்மா எங்கள் தாமான் அம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டாள்: அண்ணன் திருவிழாவில் பால்குடம் எடுப்பான், எனக்குக் கல்யாணம் கூடி வரவேண்டும். கோயில் திருவிழாவென்றால் அண்ணன் அன்றைக்கு ஓவர்டைம் கேட்டு வாங்கிக்கொண்டு ஓடிவிடுகிறவர். இருந்தும் எனக்காக என்றதும் ஒப்புக்கொண்டார். மஞ்சள் வேட்டி, தலையில் பால்குடம், காதில் பஞ்சு. ஆற்றங்கரையிலிருந்து ஊர்வலம் கிளம்பும் நேரத்தில் அம்மா அதைக் கவனித்தாள். "நல்ல காரியத்துக்கு நடக்கிறப்ப பொணக்கோலமா? கழட்டு அதை" என்று என்னிடம் சொன்னாள். அண்ணனின் இரண்டு கைகளும் குடத்தில் இருந்தன. "வேணாம் பாப்பா. நான் மேளத்துக்குப் பின்னால தூரமா வந்துக்கிறேன்" என்றார். அவருக்கு எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும். வீட்டில் வேறு யாருக்கும் தெரியாத அளவுக்கு எனக்குத்தான் தெரியும். ஆனால் சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள், எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இரண்டு காதிலிருந்தும் பஞ்சை எடுத்து டப்பாவில் போட்டு, கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தேன்.

ஊர்வலம் வந்து சேர்ந்த கோயில் வாசலில் உறுமி மேளம் காத்திருந்தது. எங்கள் நாட்டில் திருவிழா பார்த்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். காதால் கேட்கிற சத்தம் இல்லை அது, நெஞ்செலும்பில் வந்து அடிக்கும். அண்ணன் அதை நோக்கிப் பத்தடி நடந்திருப்பார். குடம் நழுவி விழுந்தது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்து உடம்பெல்லாம் உதற ஆரம்பித்தார். யாரோ ஒருவர் "சாமி வந்துருச்சு" என்று கத்தினார். அவ்வளவுதான். ஒருவருக்கு அருள் வந்தால் மேளக்காரர்கள் அவரைச் சுற்றி நெருங்கி நின்று வேகத்தைக் கூட்டுவார்கள். வந்த சாமி முழுதாக இறங்கட்டும் என்பது வழக்கம். உண்மையாகவே அருள் வந்து ஆடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இவர் ஆட ஆட அவர்கள் நெருங்கினார்கள், அவர்கள் நெருங்க நெருங்க இவர் துடித்தார். நான்கு பேர் சேர்ந்து அவர் கைகளைக் காதிலிருந்து பிரித்துப் பிடித்தார்கள். கோயில் தலைவர் நெற்றி நிறையத் திருநீறு அப்பி, "யாரு வந்திருக்கே, சொல்லு தாயே" என்று கேட்டார். "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்றுதான் அண்ணன் அலறினார். தலைவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, கோயில் கமிட்டிக்குள் நடக்கும் சண்டையை நிறுத்தச் சொல்லி ஆத்தா உத்தரவு கொடுத்துவிட்டாள் என்றார். கும்பிட்ட கைகளோடு பெண்கள் குலவையிட்டார்கள். நானும் கும்பிட்டுக்கொண்டு நின்றேன்.

அந்த ஒரு நாளில் எங்கள் வீட்டின் மரியாதை ஏறிப்போனது. தொட்டாச்சிணுங்கி என்று சிரித்த அதே வாய்கள் "சாமி வர்ற புள்ள" என்றன. வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் எலுமிச்சம்பழத்தோடு வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். இரண்டே மாதத்தில் ஜொகூர் பாருவிலிருந்து எனக்கு வரன் வந்தது. மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை. அவருடைய அம்மா எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, "சாமி இறங்குற வீடு, பொண்ணு எடுக்க யோசிக்கவே இல்ல" என்று சொன்னார். அம்மாவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அன்று சாயங்காலம் சமையலறையில் நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்து நின்றார். "பாப்பா, எனக்குச் சாமியெல்லாம் வரல. சத்தம் தாங்கல, அவ்வளவுதான். நீயாச்சும் அம்மாகிட்ட சொல்லேன்" என்றார். "தெரியும்ணே" என்றேன். அவர் முகத்தில் உயிர் வந்தது. அடுத்த வாக்கியத்தில் அதைக் கொன்றேன். "கல்யாணம் மட்டும் முடியட்டும்ணே. சாமி வர்ற வீடுன்னா பொண்ணு எடுப்பாங்க. மனசு சரியில்லாத ஆள் இருக்கிற வீடுன்னா யாருண்ணே எடுப்பா?" அம்மா பேசுகிற மாதிரியே பேசினேன். அவர் தண்ணீர்க் குழாயைப் பார்த்தார். பிறகு போய்விட்டார்.

அதற்குப் பிறகு மூன்று முறை அவரைக் கோயிலுக்குக் கூட்டிப்போனோம். மூன்று முறையும் மேளம் அடித்தார்கள், மூன்று முறையும் அவர் விழுந்தார், மூன்று முறையும் கற்பூரத் தட்டை ஏந்தி நின்றது நான். நாலே மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டார். சோறு இறங்கவில்லை. தொழிற்சாலைக்கு எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு, எடுப்பதே வேலையாகிப்போனது. அம்மா ஒரு பூசாரியிடம் கூட்டிப்போனாள். சாமியைச் சரியாகக் கும்பிடாததால் உடம்பு வாங்குகிறது என்றார் அவர். கிளினிக்கில் கேஸ்ட்ரிக் என்று சொல்லி வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். அதே கிளினிக்கில் இன்னொரு நாள் இருந்த வயதான மருத்துவர்தான் இவரை ஐந்து நிமிடம் உற்றுப் பார்த்து, வயிற்றில் ஒன்றுமில்லை, மனதைத் திறந்து பேசவேண்டும் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தோடு மூவாரில் எங்கே போனாலும் தெரிந்த முகம் யாராவது பார்த்துவிடும். அதனால் ஜொகூர் பாருவில் ஓர் அரசாங்க மனநல ஆலோசனை நிலையத்தைத் தேடிப் பிடித்தேன். அம்மாவிடம் கல்யாணச் சேலை பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் பஸ் ஏறினோம். வழியெல்லாம் அண்ணன் என்னை நன்றியோடு பார்த்துக்கொண்டு வந்தார். அந்தப் பார்வையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எங்காவது முட்டிக்கொள்ளலாம் போலிருக்கும்.

தமிழ் பேசுகிற ஆலோசகர் இருக்கிறாரா என்று முகப்பில் கேட்டோம். ஒருவர் இருந்தாராம், மாற்றலாகிப் போய்விட்டாராம். மலாய்க்காரப் பெண் ஒருவர் எங்களை உள்ளே கூப்பிட்டார். புவான் என்று மரியாதையாகச் சொல்லி உட்கார்ந்தோம். மேலே மின்விசிறி கீச்கீச்சென்று சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணன் ஒருமுறை அதை நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான். புவான் எழுந்து போய் விசிறியை நிறுத்தினார். யாரும் கேட்காமல், சிரிக்காமல், ஏன் என்று விசாரிக்காமல் நிறுத்தினார். இருபத்தெட்டு வருடத்தில் அண்ணனுக்காக ஒரு சத்தத்தை நிறுத்திய முதல் ஆள் அவர்தான். அண்ணனின் தோள் இறங்குவதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். எந்த மொழி வசதியோ அதில் பேசுங்கள், தங்கை மலாயில் சொல்லட்டும் என்றார் புவான். அண்ணனுக்கு வேலையிடத்து மலாய் வரும். மனதில் இருப்பதைச் சொல்லத் தமிழ்தான் வரும். பேச ஆரம்பித்தார்.

பத்து நிமிடம் பேசியிருப்பார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. குழல்விளக்கிலிருந்து தொடங்கினார். ஆட்டைச் சொன்னார், குளியலறையைச் சொன்னார், மேளத்தைச் சொன்னார். எல்லாவற்றையும் புவானைப் பார்த்தே சொன்னார். கடைசியில் குரல் இறங்கியது. "நிறுத்துங்கன்னு கத்துனேன். அதையும் சாமி வாக்குன்னுட்டாங்க. அம்மா மேல எனக்குக் கோவம் இல்ல, அவங்க நெசமாவே நம்புறாங்க. ஆனா என் தங்கச்சிக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே தட்டு புடிக்குது. சத்தத்தைக்கூடத் தாங்கிக்கலாம். அதைத்தான் தாங்க முடியல."

புவான் என் பக்கம் திரும்பினார். பேனா தயாராக இருந்தது. அந்தப் பேனாவைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்தது. இவர் எழுதுவார், அது ஒரு கோப்பில் இருக்கும், இதே ஊரில் நாளைக்கு நான் மருமகளாக வந்து வாழவேண்டும், மாப்பிள்ளை வீட்டுச் சொந்தம் யாராவது இந்தக் கட்டடத்தில் வேலை செய்தால் என்ன ஆகும் என்று மனம் ஓடியது. இதெல்லாம் நான் பிறகு எனக்காகக் கட்டிக்கொண்ட சமாதானமும்கூட. உண்மை அதைவிடச் சின்னது. என் அண்ணன் என்னைப் பற்றிச் சொன்னதை என் வாயாலேயே சொல்ல எனக்கு மனமில்லை. "அண்ணனுக்குக் கோயில் மேளச் சத்தம் ஒத்துக்கொள்வதில்லை. தலை வலிக்கிறது, பசி இல்லை. வீட்டில் நாங்கள் எல்லோரும் அவரை நன்றாகப் பார்த்துக்கொள்கிறோம்" என்று மலாயில் சொன்னேன். புவான் கொஞ்சம் தயங்கினார். இவ்வளவு நேரம் பேசினாரே, இவ்வளவுதானா என்று கேட்டார். அவ்வளவுதான், திரும்பத் திரும்ப அதையே சொல்கிறார் என்றேன்.

அந்தப் புவானை நான் குறையே சொல்லமாட்டேன். கையில் கொடுத்த அரிசியைத்தானே அவரால் சமைக்க முடியும். இரைச்சலான இடங்களைத் தவிர்க்கச் சொன்னார், மூச்சுப் பயிற்சி படம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்தார், குடும்பம் துணையாக இருப்பது நல்ல விஷயம் என்று என்னைப் பாராட்டினார். பாராட்டினார், கேளுங்கள். மூன்று வாரம் கழித்து மறுபடி வரச் சொல்லித் தேதி கொடுத்தார். அண்ணன் அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பஸ்ஸில் என்னைப் பார்க்கவே இல்லை. பஸ் ஏறும் முன் லார்க்கின் நிலையத்தில் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன், தலையை மட்டும் ஆட்டினார். அடுத்த தேதி கல்யாண வாரத்தில் வருகிறது என்று சொல்லி நானே அதைத் தட்டிவிட்டேன். என் கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டியபோது அண்ணன் மண்டபத்துக்கு வெளியே கார்களுக்கு நடுவில் நின்றார். மேளம் ஓய்ந்த பிறகு உள்ளே வந்து, தீர்ந்துபோன அட்சதைத் தட்டைத் தடவி, ஒட்டியிருந்த நாலு அரிசியை என் தலையில் போட்டார். அடுத்த மாதமே வேலையை விட்டுவிட்டு மெர்சிங் என்ற கடலோர ஊருக்குப் போய்விட்டார். அங்கே படகுகளைப் பழுதுபார்க்கும் ஒரு மலாய்க்காரப் பெரியவரிடம் சேர்ந்து, கையால் பலகை தேய்க்கிறார். இருபது வருடமாக அங்கேதான் இருக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டு விசேஷம் எதற்கும் வந்ததில்லை. பெத்தவளை மறந்தவன் என்று சொந்தக்காரர்கள் ஏசுவார்கள். நான் வாயைத் திறந்ததில்லை.

கடவுளுக்கு நையாண்டி கொஞ்சம் அதிகம். அண்ணனின் காதையும் தோலையும் அப்படியே எடுத்து என் மகளுக்கு வைத்துவிட்டார். பதினேழு வயது. பள்ளி மண்டபத்தில் கைதட்டினால் வெளியே ஓடிவிடுவாள். தோழி ஒருத்தி முகம் சுளித்தால் இரண்டு நாள் தூக்கமில்லை. அவளே இணையத்தில் தேடிப் படித்து, "நான் ஹைலி சென்சிட்டிவ்மா. நோய் இல்ல, சுபாவமே இப்படித்தான். ஆனா எப்படி சமாளிக்கிறதுன்னு பேச ஆள் வேணும்" என்றாள். ஆள் கிடைப்பது இன்றும் லேசில்லை. ஓரிடத்தில் ஆறு மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். இன்னொரு இடத்தில் ஃபோனைப் பிடுங்கி வையுங்கள் என்றார்கள். கடைசியில் கோலாலம்பூரில் தமிழ் பேசும் ஆலோசகர் ஒருவர் கிடைத்தார், திரையில் முகம் பார்த்துப் பேசலாம். அதற்காக நான் அலைந்ததை என் கணவர் மெச்சிக்கொண்டார். இப்போது எங்களோடு இருக்கும் என் அம்மாவோ, பேத்தி அறையைவிட்டு வந்தாலே டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவாள். வீட்டுக்கு வருகிறவர்களிடம், "மெதுவா பேசுங்க, புள்ளைக்குச் சத்தம் ஆகாது" என்று உதட்டில் விரல் வைப்பாள். ஆற்றங்கரையில் "கழட்டு அதை" என்று நீட்டிய விரலும் அதேதான்.

பஞ்சு டப்பா விழுந்த வாரத்தில்தான் மகளின் முதல் சந்திப்பு. சின்னப் பெண் என்பதால் முதல் பத்து நிமிடம் அம்மாவும் இருக்கட்டும் என்றார் ஆலோசகர். நல்ல தமிழ், பதறாத குரல். வழக்கமான கேள்விகளுக்கு நடுவில், "குடும்பத்துல வேற யாராவது இப்படி இருக்காங்களாம்மா? தெரிஞ்சா அவளுக்கு ஆறுதலா இருக்கும்" என்று கேட்டார். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் "இல்லங்க, யாரும் இல்ல" என்றேன். யோசிக்கவே இல்லை. இருபது வருடம் கழித்து, தமிழிலேயே கேட்ட கேள்விக்கு, தமிழிலேயே மறுபடியும் மறைத்துச் சொன்னேன். அப்போது கல்யாணப் பயம் என்று ஒரு சாக்கு இருந்தது. இப்போது எந்தச் சாக்கும் இல்லை, பழக்கம்தான். அன்று வேலையே ஓடவில்லை. மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, பஞ்சு டப்பாவையும் எடுத்துக்கொண்டு, கோத்தா திங்கி வழியாக மெர்சிங்குக்குக் காரை ஓட்டினேன்.

அண்ணன் ஆற்றோரத்தில், கரையேற்றிய ஒரு மரப்படகின் வயிற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. ஆச்சரியப்படவில்லை. கார் கதவைச் சாத்திய விதத்திலேயே நான்தான் என்று தெரிந்துவிட்டதாம். மரக்கட்டை ஒன்றைத் துடைத்து உட்காரச் சொன்னார். நான் வந்த வேகத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். மகளைப் பற்றிச் சொன்னேன். உங்களுக்கு இருந்தது நோயில்லை, அந்தச் சுபாவத்துக்குப் பெயரே இருக்கிறது என்றேன். தமிழில் பேச ஆள் இருக்கிறார், உங்களுக்கும் நேரம் வாங்கித் தருகிறேன் என்றேன். அவர் உப்புத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் மக நேரா அவங்ககிட்டயே பேசுதா? நடுவுல யாரும் இல்லல்ல?" என்றார்.

"இல்லண்ணே."

"அதான் நல்லது" என்றார். பிறகு, கோபமே இல்லாமல், வானிலையைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்: "அன்னைக்குப் புவான்கிட்ட நீ சொன்னது எனக்குப் புரிஞ்சுச்சு பாப்பா. ஃபேக்டரியில அத்தனை வருஷம் மலாய்லதானே குப்பை கொட்டுனேன்."

எத்தனையோ முறை அந்த அறையை நினைத்துப் பார்த்தவள் நான். இது மட்டும் ஒருமுறைகூட எனக்குத் தோன்றவில்லை. பேச வராதவருக்குக் கேட்கவும் வராது என்று வசதியாக வைத்துக்கொண்டேன். அப்புறம் ஏன் அங்கேயே சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்கும்போதே கேட்டிருக்கக்கூடாது என்று தெரிந்தது. "உன் வளையல் நடுங்குற சத்தம் கேட்டுச்சு. கல்யாணப் பொண்ணு, பயந்து போயிருந்தே. அதுக்கு மேல நான் எப்படிப் பேசுறது?" என்றார். என் பயத்தை அந்த அறையில் கேட்ட ஒரே ஆள் அவர். அவர் பேச்சைக் கேட்கவேண்டிய ஒரே ஆள் நான். டப்பாவை நீட்டினேன். திறந்து, ஒரு பஞ்சை விரலால் நசுக்கிப் பார்த்தார். காய்ந்து கட்டியாகியிருந்தது. "இது இனிமே காதுல நிக்காது" என்று மூடித் திருப்பிக் கொடுத்தார். ஆலோசகரைப் பற்றி மறுபடி கெஞ்சினேன். "எனக்கு வேணாம் பாப்பா. ஒருவாட்டி எல்லாத்தையும் சொல்லிட்டேன். திரும்ப ஆரம்பத்துலேருந்து சொல்லத் தெம்பு இல்ல. உன் மக பேசுறப்ப நீ பக்கத்துல உக்காராம இரு, அது போதும்" என்றார். பிறகு படகின் பக்கம் திரும்பி விரலால் பலகையைத் தடவத் தொடங்கினார். நான் போகிறேன் என்று சொன்னதற்குத் தலையசைத்தார்.

சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தேன். அம்மா கூடத்தில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் சாப்பாட்டு மேசையில் படித்துக்கொண்டிருந்ததால் டிவி முணுமுணுத்துக்கொண்டிருந்தது. மேசைமேல் டப்பாவை வைத்தேன். "இது உன் மாமாவோடது" என்றேன். மகள் நிமிர்ந்தாள். "மெர்சிங் மாமாவா? அவருக்குச் சாமி வரும்னுதானே பாட்டி சொல்வாங்க?" என்றாள். "சாமி வரல. சத்தம் தாங்கல. உன்னை மாதிரியே. அவரு அப்பவே சொன்னாரு, எனக்கும் தெரியும். தெரிஞ்சேதான் இதை அவர் காதுலேருந்து கழட்டுனேன். அவருக்கும் உன்னை மாதிரி பேச ஒரு ஆள் கெடைச்சாங்க. நான்தான் நடுவுல உக்காந்து கெடுத்தேன்." மகள் டப்பாவைத் திறந்து பார்த்தாள். நேற்றைய கேள்வி அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது. "அப்ப அவங்க கேட்டப்ப ஏம்மா யாரும் இல்லைன்னு சொன்னீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் டிவியின் சத்தம் திடீரென்று ஏறியது. அம்மா ரிமோட்டைக் கையில் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள். நான் எழுந்து போய் டிவியை அணைத்தேன். வீடு அப்படியே அடங்கிப்போனது. அந்த அமைதியில் அம்மா என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "அவனுக்கு வந்தது சாமிதான். உன் கல்யாணம் நடந்துச்சா இல்லையா?"

மகள் பஞ்சு டப்பாவை மூடி, மேசையில் என் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனாள்.